மூட்டைக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம்

தடையற்ற வணிகம் என்ற சொல் நம் வயதுக்காரர்களுக்கு 1991க்குப் பிறகுதான் பழக்கமானது. டங்கல் திட்டம், காட் ஒப்பந்தம் என்று பேப்பரில் படித்துவிட்டு டீக்கடையில் விவாதம் செய்தோம். ஆனால் சேலம் ஜில்லாவுக்கு அந்தச் சங்கதி புதிதல்ல. நம் பாட்டன், முப்பாட்டன் காலத்திலேயே அது ஒரு முறை வந்திருக்கிறது. வந்து, ஊர் ஊராக ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறது. அவர்களுக்கு அதன் பெயர் தெரியாது. “கண்டிச் சீமைக்குப் போனான்” என்று மட்டும் சொன்னார்கள்.

பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. ஒரு நாட்டில் ஆள் அதிகம், கூலி குறைவு. இன்னொரு நாட்டில் ஆள் குறைவு, கூலி அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவே சரக்கு தடையில்லாமல் போய்வந்தால், ஆள் போகவேண்டிய அவசியம் குறைந்துவிடும். மலிவான ஊரில் செய்த பொருள் கப்பல் ஏறும். செய்தவன் வீட்டிலேயே இருந்து பிழைத்துக்கொள்வான். 1957ல் ராபர்ட் மண்டெல் என்பவர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். பின்னால், 1999ல், அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் சில நிபந்தனைகளோடு சொன்னதை, பிறகு வந்தவர்கள் நிபந்தனையை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஜில்லாவின் கதையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சேலம் சீமை 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதல் கலெக்டர் கேப்டன் ரீட்; அவருக்கு உதவியாக இருந்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து கிஸ்தி போட்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கம்பெனியின் வணிக அதிகாரி ஒருவர் சேலத்தில் உட்கார்ந்து, நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினார். சேலத்துத் துணி கப்பலேறியது. கம்பெனி கொடுத்த விலை நியாயமானதென்று சொல்லமாட்டேன்; ஆனால் வாங்க ஆள் இருந்தது.

1813ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்தை ஒழித்தது. 1833ல் கம்பெனி வணிகமே செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். தடையற்ற வணிகத்தின் வெற்றி என்று லண்டனில் கொண்டாடினார்கள். நடந்தது என்ன? மான்செஸ்டர் துணியும் நூலும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. 1840ல் பார்லிமெண்ட் குழு ஒன்றின் முன் வந்த கணக்கைப் பாருங்கள்: பிரிட்டிஷ் பருத்தித் துணி இந்தியாவுக்குள் வர மூன்றரை சதவீதம் சுங்கம், இந்தியப் பருத்தித் துணி பிரிட்டனுக்குள் போக பத்து சதவீதம். அதற்கு முந்தைய காலத்தில் அங்கே நம் துணிக்கு இருந்த வரி இதைவிடப் பல மடங்கு. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுக்கு அவர்கள் வைத்த பெயர் தடையற்ற வணிகம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சீமைத் துணியால் நெசவாளர் எல்லோரும் அழிந்தார்கள், அவர்கள்தான் கப்பலேறினார்கள் என்று மேடையில் பேசுவார்கள். அது பாதி உண்மை. சேலத்துத் தறிகள் அடியோடு நிற்கவில்லை. சீமை நூல் மலிவாகக் கிடைத்ததால், அதை வாங்கி நெய்து பிழைத்த நெசவாளர் ஏராளம். தேவாங்கரும் செங்குந்தரும் சௌராஷ்டிரரும் இன்றைக்கும் இங்கே நெய்கிறார்கள். உண்மையில் முதலில் விழுந்தவள், நூல் நூற்ற பெண். கைராட்டை வைத்துக்கொண்டு, காட்டு வேலை இல்லாத நாளில் நாலு காசு பார்த்தவள் அவள். மழை பொய்த்தால் அடுப்பெரிய உதவிய காசு அது. இயந்திர நூல் வந்ததும் அந்த வருமானம் சத்தமில்லாமல் போய்விட்டது. அவள் பெயர் எந்தச் சங்கத்திலும் இல்லை. அதனால் யாரும் மனுப் போடவும் இல்லை. இரும்பு உருக்கியவர்கள் கதையும் இப்படித்தான். கஞ்சமலைப் பக்கத்துக் கரி உலைகள், சீமை இரும்புக்கு முன்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

இப்படி, மேட்டாங்காட்டுக் குடும்பத்துக்கு இருந்த இரண்டாவது வருமானம் போனது. மிஞ்சியது மழையை நம்பிய காடும், பண்ணை வேலையும்.

இதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஆள் பஞ்சம் தொடங்கியது. 1833ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. கரும்புத் தோட்டக்காரர்கள் அடிமைக்குப் பதில் கூலி ஆள் தேடினார்கள். 1834 முதல் மொரீசியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போனார்கள். 1910க்குள் போனவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். 1846ல் பிரிட்டன் இன்னொரு கதவைத் திறந்தது. அதுவரை தன் குடியேற்றத் தீவுகளின் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையைப் படிப்படியாக நீக்கி, எல்லா நாட்டுச் சர்க்கரையும் ஒரே வரியில் வரலாம் என்று தீர்மானித்தது. கியூபாவிலும் பிரேசிலிலும் அப்போதும் அடிமைகள் விளைவித்த சர்க்கரையோடு போட்டி போடவேண்டிய நிலை வந்தது. மேற்கிந்தியத் தீவுத் தோட்டக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: சலுகை போனால் போகட்டும், மலிவான ஆள் கொடுங்கள். அரசாங்கம் கொடுத்தது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. சரக்கின் தடையை எடுத்த அதே கை ஆளைக் கப்பலில் ஏற்றியது.

நம் ஜில்லாவுக்கு நெருக்கமானது இலங்கைக் கதை. 1835ல் இலங்கைக் காபிக்கான வரியைக் குறைத்து, மேற்கிந்தியக் காபிக்குச் சமமாக ஆக்கினார்கள். உடனே கண்டி மலைகளில் காட்டை வெட்டி காபி நட ஆரம்பித்தார்கள். ஏற்காட்டில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தது 1820களில். ஆனால் சேர்வராயன் மலையில் இருந்தது கண்டியோடு ஒப்பிட்டால் கையளவு. கண்டியில் மலை இருந்தது, முதல் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. சிங்களக் குடியானவர்கள் சொந்த வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. அந்த ஆள், கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்கள், புதுக்கோட்டை சமஸ்தானம்: இங்கிருந்துதான் பெரும்பாலோர் போனார்கள். நாமக்கல் தாலுகா 1910 முதல் சில காலம் திருச்சி ஜில்லாவில் இருந்ததால், அந்தக் காலத்தில் நம் ஆட்கள் சிலர் திருச்சிக் கணக்கிலும் இருப்பார்கள்.

ஊருக்குள் வந்தவன் வெள்ளைக்காரன் அல்ல, கங்காணி. நம் ஊரான், பல சமயம் நம் சாதிக்காரன், உறவுக்காரன். முன்பணம் கொடுப்பான். கடனை அடைத்துவிட்டு வா என்பான். வழிச் செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்வான். காவிரியைத் தாண்டி, திருச்சி வழியாகவோ மதுரை வழியாகவோ இராமநாதபுரம் கடற்கரைக்கு நடக்கவேண்டும். தோணியில் மன்னார். அங்கிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய நூற்றைம்பது மைல் காட்டுப் பாதை. தண்ணீர் கிடையாது, காய்ச்சல், காலரா உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் ஏற்றிய காபிக்கு ஹண்டர் கணக்கில் பதிவு இருக்கிறது. அந்தப் பாதையில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை.

போய்ச் சேர்ந்தவனுக்கு அடுத்தது ‘துண்டு’. இவன் இன்ன கடனை வைத்திருக்கிறான், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. வேறு தோட்டத்துக்காரன் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். கடன் தீராது, கை மட்டும் மாறும். 1921ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். காபிக்கு வாங்குபவனைத் தேடிப் போகும் சுதந்திரம் இருந்தது. காபி பறித்தவனுக்கு நல்ல கூலி தருபவனைத் தேடிப் போகும் சுதந்திரம் இல்லை.

இந்தப் போக்குவரத்தை அரசாங்கம் அறியாமல் இல்லை. கொடுமைகளைக் கேள்விப்பட்டு 1839ல் கூலி ஆட்கள் வெளியே போவதற்கே தடை போட்டார்கள். 1842ல் மொரீசியஸுக்கும், 1847ல் இலங்கைக்கும் தடை விலகியது. தோட்டக்காரர் குரல் லண்டன் வரை கேட்டது.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். உங்களில் பலர் வீட்டில் பாட்டிமார் வாயிலாக இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1876ல் மழை பொய்த்தது, 1878 வரை அடி ஓயவில்லை. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு தானியம் வாங்கிச் சேமிக்க முயன்றார். முப்பதாயிரம் டன் வாங்கவும் செய்தார். வைசிராய் லிட்டனின் அரசாங்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தானிய வணிகத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது, விலை ஏறினால் வியாபாரி தானாகக் கொண்டுவருவான் என்பது அவர்கள் கொள்கை. சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. தானியம் ரயிலில் வந்தது உண்மை. ஆனால் வந்த தானியத்தை வாங்கக் கையில் காசு வேண்டுமே! அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு, சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து போட்ட கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும்.

ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பழைய சேலம் ஜில்லாவில் 1871ல் 19,66,995 பேர். 1881ல் 15,99,595 பேர். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. செத்தவர்கள் பெரும்பகுதி. பிழைத்தவர்களில் ஒரு பகுதி கங்காணி பின்னால் போனது. அந்த 1876லேயே தூத்துக்குடி வரை ரயில் வந்துவிட்டதால், கொழும்புக்குப் போவது முன்னைவிட எளிதாகவும் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. போனவர்களில் மிகப் பலர் நிலமில்லாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும் பங்கு. 1843ல் சட்டப்படி அடிமை முறை இந்தியாவில் செல்லாது என்று ஆனாலும், பண்ணையில் பரம்பரைக் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கண்டிச் சீமை ஒரு தப்பும் வழி. தேர்த் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத மனிதன், மலைக்குப் போனால் வாரத்துக்கு இவ்வளவு அரிசி நிச்சயம் என்று கேட்டால் போகாமல் என்ன செய்வான்? அங்கே லயக் காம்பிராவும் பெரட்டுக் களமும் காத்திருந்தன என்பது வேறு. ஆள் போவதே தீமை என்று நாம் எழுதினால், இங்கே அவர்களை வைத்திருந்த லட்சணத்தை மறைத்தவர்களாவோம்.

1869ல் காபி இலையில் துருநோய் விழுந்தது. இருபது வருஷத்துக்குள் காபி போய்த் தேயிலை வந்தது. காபிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க வேண்டும். போய்வந்துகொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார்கள். பிள்ளை பெற்றார்கள், மாரியம்மன் கோயில் கட்டினார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஓடியது.

வணிகம் திறந்தபோது ஆள் போன கதை இது. வணிகம் சுருங்கியபோது என்ன ஆனது? 1929க்குப் பிறகு உலக மந்தம். தேயிலையும் ரப்பரும் விலை விழுந்தன. 1933ல் தேயிலை ஏற்றுமதிக்கு உலக அளவில் கட்டுப்பாடு வைத்தார்கள். தோட்டத்தில் கூலியைக் குறைத்தார்கள், ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். இலங்கையில் இந்தியர் மீது வெறுப்பு வளர்ந்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல், கூலி வேலைக்கு யாரும் இலங்கை போகக்கூடாது என்று இந்திய அரசே தடை போட்டது. 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? பிரிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை. அந்த ஆண்டுகள் முழுவதும் இலங்கைத் தேயிலை லண்டன் ஏலத்துக்குத் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கு எந்த நாடு என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. பறித்தவளுக்கு மட்டும் வந்தது.

முன்பு ஆட்களை அனுப்பும்போது நிறுத்திவைத்துச் சோதித்த அதே மண்டபம் முகாமில்தான், திரும்பி வந்தவர்களும் வந்து இறங்கினார்கள். நம் பக்கத்துக் கிராமங்களுக்கும் சில குடும்பங்கள் வந்தன. தாத்தாவின் ஊர்ப் பெயர் காகிதத்தில் இருந்தது. ஊரில் வீடும் இல்லை, முகம் தெரிந்தவரும் இல்லை. ‘சிலோன்காரர்’ என்று நாமே பெயர் வைத்தோம்.

அப்படியானால் கதவைச் சாத்துவதுதான் சரியா? அதற்கும் நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜவ்வரிசி ஒரு காலத்தில் மலேயா, ஜாவாவிலிருந்து வந்த சரக்கு. 1942ல் ஜப்பான் அந்தப் பகுதிகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் மேட்டுக் காடுகளில் கிழங்கு பரவியது. 1981ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்தது. வரத்து நின்றதால் ஒரு தொழில் பிறந்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் செய்முறை தெரிந்த ஒரு மனிதர் கடல் தாண்டி வந்திராவிட்டால், வரத்து நின்றதோடு பாயசமும் நின்றிருக்கும்.

நம் ஊர்க் கதை மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். 1994ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மெக்சிகோவில் வேலை பெருகும், எல்லை தாண்டுவது குறையும் என்றார்கள். அமெரிக்க மக்காச்சோளம் மலிவாக வந்து இறங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் மெக்சிகோ நாணயமும் விழுந்தது. மேட்டுநிலத்துச் சோள விவசாயி பிழைப்புத் தேடி வடக்கே நடந்தான். அடுத்த சில ஆண்டுகளில் எல்லை தாண்டியவர் தொகை ஏறியதே தவிரக் குறையவில்லை. சந்தையில் விலை ஒரே நாளில் விழும். புதுத் தொழில் வந்து வேலை கொடுக்கப் பத்து வருஷம் ஆகும். நடுவில் இருக்கும் அந்தப் பத்து வருஷத்தில்தான் மனிதன் மூட்டை கட்டுகிறான். மண்டெல் கணக்கில் அந்த இடைக்காலம் இல்லை.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. 2005ல் உலக அளவில் ஜவுளிக் கோட்டா முறை முடிந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து ஆலைகளும் தறிகளும் அந்தச் சந்தையோடு கட்டுண்டவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை. இந்த வேலைகளைச் செய்ய ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நான் தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய தபால்காரர் ஒருவர், தன் இளமையில் கண்டியிலிருந்து வந்த மணியார்டர்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்த கதையைச் சொல்வார். நான் ஓய்வு பெறும் நேரத்தில் அதே கவுண்டரில், பீகார் முகவரி எழுதத் திணறும் பையன்கள் மணியார்டர் கட்ட வரிசையில் நின்றார்கள். கங்காணிக்குப் பதில் இப்போது ஏஜெண்ட். முன்பணம் அதே முன்பணம்.

2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தபோது, அந்த மாதக் கடைசிக்குள்ளேயே எல்லாச் சரக்கு லாரிகளும் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. நம் லாரிகள் ஓடின. தொழிலாளருக்குச் சிறப்பு ரயில் விட்டது மே 1ல். நடுவில் ஒரு மாதம், மனிதர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள் மட்டும் நடக்கவில்லை. வெளி மாநிலத்துக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகளும் நடந்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்யவேண்டும், வழிச்செலவு கொடுக்கவேண்டும் என்று 1979லேயே சட்டம் இருந்தது. பெரும்பாலானவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாத்தளைக் காட்டுப் பாதையைப் போலவே இங்கும் கணக்கு இல்லை.

வணிகத்தைத் திறப்பதா மூடுவதா என்ற வாதம் இன்னும் நூறு வருஷம் நடக்கும். இந்த ஜில்லாவின் கதையிலிருந்து எனக்குப் புரிவது இவ்வளவுதான்: சரக்கு போகிற வழியில் ஆளும் போவான், தடுத்தாலும் போவான். அவன் பெயர் எழுதப்படுகிறதா, கடன் இல்லாமல் போகிறானா, பிடிக்காவிட்டால் வேறு வேலைக்கு மாற முடிகிறதா, திரும்பி வந்தால் ஊர் ஏற்கிறதா என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. மூட்டைக்கு இவை எல்லாவற்றையும் எப்போதோ செய்துவிட்டார்கள்: ரசீது, இன்சூரன்ஸ், திருப்பி அனுப்பும் விலாசம்.

நம் வீதியில் வாடகைக்கு இருக்கிற வடக்கத்திப் பையன்களைப் பற்றி நம் வயதுக்காரர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கிறேன். சத்தம், கூட்டம் என்பதெல்லாம் இருக்கலாம். நுவரெலியாவிலும் அட்டனிலும் நம் ஆட்களைப் பற்றி அங்கிருந்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தோட்டத்துச் சீட்டோ, கண்டி முத்திரை போட்ட கடுதாசியோ, மண்டபம் முகாம் காகிதமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் போனார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விசாரித்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம்.